காரின் உயரம்: வண்டலூர் சாலையில் ஒரு சுருள்வில்லின் வரலாறு

வண்டலூரில் தொடங்கி மேற்கே வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் மாநில நெடுஞ்சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடம் வருவதற்கு முன்னால் சேரப்பணஞ்சேரி இருக்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த இந்தச் சுற்றுவட்டாரம், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலையும், 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டின் மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கத் தொடங்கிய பிறகு, மோட்டார் வாகன உற்பத்திக்குப் பெயர்பெற்ற பகுதியாகிவிட்டது. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, இதே சாலையின் கிழக்கு முனையான வண்டலூரில் கார்கள் உருவாகி வெளியே வந்துகொண்டிருந்தன. அந்தக் கார்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றன, அந்த உயரத்தை யார், எதற்காக ஏற்றவும் இறக்கவும் முயன்றனர் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், சாலையும் சுமையும் கைவினையும் சட்டமும் அதில் ஒன்றாகச் சந்திக்கின்றன. காரின் உயரம் அது ஓடிய சாலையைப் பற்றிய ஒரு சான்று. அந்தச் சான்றைத் தாங்கி நிற்பது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஒரு சுருள்வில்.

‘வில்’ என்ற சொல் மோட்டார் வண்டிக்கு முன்பே தமிழர் போக்குவரத்தில் இடம்பெற்றுவிட்டது. அச்சின் மேல் சட்டத்தை நேராகப் பொருத்திய கட்டை வண்டி நெல் மூட்டைக்கும் எருவுக்கும் பயன்பட, அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில் வண்டி, மனிதர் ஏறிச் செல்வதற்கும் திருமணத்துக்கும் வசதியுள்ள வீட்டாரின் பயணத்துக்கும் உரியதாக இருந்தது. நாணேற்றிய வில்லைப் போல வளைந்திருந்ததால்தான் அந்தப் பட்டைக்கு அப்பெயர் வந்தது. நீளம் குறைந்துகொண்டே போகும் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் கட்டிய இந்த அமைப்பைத்தான் இன்றும் லாரிப் பட்டறைகளில் ‘பட்டை’ என்கின்றனர். சுமை கூடினால் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பதும், தளர்ந்த பட்டையை உலையில் காய்ச்சி மீண்டும் வளைவேற்றுவதும் அந்தப் பட்டறைகளின் அன்றாட வேலை. ஆக, வண்டியின் உயரத்தையும் விறைப்பையும் கையால் மாற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் காருக்காக வந்ததன்று; அது வண்டிப் பட்டறையிலிருந்து வளர்ந்தது. அந்தப் பழக்கத்தின் திசை ஏறக்குறைய எப்போதும் மேல்நோக்கியே இருந்தது.

சுருள்வில் என்பது எஃகுக் கம்பியைத் திருகுபோல உருளையாகச் சுற்றிய வில். பட்டை வளைந்து சுமை தாங்குகிறது. சுருளில் கம்பி தன் நீளம் முழுவதும் முறுக்கப்படுவதன் மூலம் சுமை தாங்குகிறது. வில்லின் நீட்சி அதன்மேல் விழும் விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். ஆயினும் சுருள்வில் காரின் முன்சக்கரங்களில் பொதுவழக்காக இடம்பெற ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. பட்டைவில் சுமையைத் தாங்குவதோடு அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைக்கும். சுருள்வில்லால் அந்த இரண்டாவது வேலையைச் செய்ய முடியாது என்பதால், சக்கரத்தைப் பிடித்து வழிநடத்தத் தனியே கைகள் தேவைப்பட்டன. மேலொன்றும் கீழொன்றுமாக இரு முக்கோணக் கைகளைச் சட்டத்தில் கீல்போட்டு, அவற்றின் முனையில் சக்கரத்தை ஏந்தச் செய்து, நடுவில் சுருள்வில்லை நிறுத்தும் அமைப்பு, 1933இல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 380 காரின் முன்புறத்தில் இடம்பெற்றது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸும் தன் கார்களுக்குத் தனித்தியங்கும் முன்சக்கரங்களைக் கொடுத்தது. அங்கே அந்த ஆய்வை முன்னெடுத்த மாரிஸ் ஓலி, முன்வில் பின்வில்லைவிட மென்மையாக இருந்தால்தான் மேட்டில் ஏறி இறங்கிய கார் முன்னும் பின்னுமாக ஆடாமல் விரைவில் சமநிலைக்கு வரும் என்று கண்டார். முன்வில்லை வெட்டி விறைப்பாக்கும் எவரும், அறிந்தோ அறியாமலோ, ஓலியின் இந்தக் கணக்கில்தான் கை வைக்கின்றனர்.

சென்னைக்கு இந்தச் சுருள்வில் பிரிட்டன் வழியாக வந்தது. பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் இணைந்து 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. வண்டலூரில் அமைந்த ஆலையில் முதலில் வான்கார்டு கார்கள் கோர்க்கப்பட்டன. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, உள்நாட்டிலேயே படிப்படியாக உதிரிபாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் விலக வேண்டிய நிலை ஏற்பட்டதால், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவில் கார் கோர்ப்பதைக் கைவிட்டன. அதன்பின் ஒரு தலைமுறைக்காலம் இந்தியச் சாலைகளில் பெரிதும் தென்பட்டவை மூன்று காரினங்களே. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசடரின் முன்புறத்தில் சுருள்வில் இல்லை. சட்டத்தின் நீளவாக்கில் ஓடும் ஓர் எஃகுத் தண்டு முறுக்குண்டு சுமையைத் தாங்கும் முறுக்குத்தண்டு அமைப்பு அதற்கு இருந்தது. பம்பாயில் உருவான ஃபியட் 1100, பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற கார், முன்புறத்தில் சுருள்வில்லையும் பின்புறத்தில் பட்டையையும் கொண்டிருந்தது. வண்டலூர்க் கார்களோ வான்கார்டு தொடங்கியே முன்புறச் சுருள்வில்லைப் பெற்றிருந்தன. அம்பாசடரை உயர்த்தவோ தாழ்த்தவோ வேண்டுமானால் தண்டின் பிடிமானத்தைப் பல் மாற்றிப் பொருத்தினால் போதும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. சுருள்வில்லின் நீளம் அது உருவாகும்போதே முடிவாகிவிடுவதால், அதை மாற்ற விரும்பியவரின் கை ரம்பத்தைத் தேடியது.

இவ்வரலாற்றின் மையத்தில் நிற்பது 1961 முதல் வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக அறிமுகமான இந்தக் காருக்கு இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். உடற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கார்கள் பெருகிவந்த காலத்தில், தனி அடிச்சட்டத்தின்மேல் உடற்கூட்டைத் துண்டுதுண்டாகத் திருகிப் பொருத்திய கார் இது. இதன் பானெட், இருபுறத்து மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு, முன்நோக்கி முழுவதுமாகக் கவிழ்ந்து திறக்கும். அவ்வாறு திறந்ததும் எஞ்சினின் இருபக்கமும் முன்சக்கரங்களும் மேல்கீழ்க் கைகளும், அவற்றின் நடுவே அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரைச் சுற்றி நிற்கும் சுருள்வில்லும் எந்த மறைப்பும் இன்றிக் கண்முன் நிற்கும். மேலே மூன்று நட்டுகள், கீழ்க்கையின் ஊடாகச் செல்லும் ஒரு போல்ட்: இவற்றைக் கழற்றினால் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பாகக் கையோடு வந்துவிடும். அந்தத் தொகுப்பின் உச்சியிலுள்ள நடு நட்டை மட்டும், வில்லைக் கருவியால் இறுக்கிப் பிடிக்காமல் கழற்றக் கூடாது. அடைபட்டிருந்த விசை முழுவதும் அந்த ஒரு நொடியில் விடுபடும். தன் முன்வில்லை மெக்கானிக்கின் முன் இவ்வளவு திறந்துவைத்த கார்கள் மிகச் சிலவே என்பதால், சுருள்வில்லை மாற்றிப் பார்க்கும் ஆவல் ஹெரால்டின் சொந்தக்காரர்களிடையே உலகெங்கும் பரவியதில் வியப்பில்லை.

முன்புறத்தின் எளிமைக்கு நேர்மாறாக ஹெரால்டின் பின்புறம் சிக்கலானது. குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டைவில்லின் இரு முனைகளிலும் தொங்கும் அரையச்சுகள், பறவையின் சிறகுபோலத் தனித்தனியே மேலும் கீழும் அசையும்; இதை ஊசலச்சு என்று குறிக்கலாம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் பின்புறம் எழும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் அடிப்புறம் உள்நோக்கி மடங்கிப் பிடிப்பை இழக்கும் இயல்பு இதற்கு உண்டு. இந்திய வாங்குவோரும் மெக்கானிக்குகளும் இதை விரும்பவில்லை. 1972இல் ஹெரால்டின் இடத்துக்கு வந்த கெஸல் என்ற கார், அதே 948 கன செ.மீ. எஞ்சினை வைத்துக்கொண்டு, ஊசலச்சை விட்டுவிட்டு இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இறுகிய அச்சுக்குத் திரும்பியது. பொறியியல் நூல்களின் கண்ணோட்டத்தில் இது பின்னடைவு; பட்டறையின் கண்ணோட்டத்தில், எந்த ஊரிலும் பழுதுபார்க்கக்கூடிய வண்டி மீண்டும் கிடைத்தது. இரண்டாவது கண்ணோட்டமே வண்டலூருக்குச் சரியானதாக இருந்தது.

எழுபதுகளின் இறுதியில் கார் உற்பத்தி நின்று வேன் மட்டும் தொடர்ந்த வண்டலூரில், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. இது பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 என்ற காரின் இந்திய வடிவம். தாழ்ந்து நீண்ட உருவத்துக்காகப் போற்றப்பட்டு, 1977இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருதைப் பெற்ற அந்தக் காருக்கு, வண்டலூரில் வான்கார்டு மரபில் வந்த பழைய எஞ்சின் பொருத்தப்பட்டது. இந்தியச் சாலைகளுக்காக அதன் சஸ்பென்ஷனும், அதாவது சக்கரத்துக்கும் காருக்கும் இடையிலான வில்லமைப்பும், சற்று விறைப்பாக்கி உயர்த்தப்பட்டது. படத்தில் ஐரோப்பிய ரோவரையும் சென்னை ஸ்டாண்டர்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போருக்குச் சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளி முதலில் ஒரு குறையாகவே தோன்றும். ஆனால் அந்த இடைவெளிதான் எண்பதுகளின் தமிழ்நாட்டுச் சாலையின் உண்மையான பதிவு: நடுவில் ஒற்றைத் தார்ப்பட்டையும் இருபுறமும் மண்ணும், எதிரே லாரி வந்தால் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கி வழிவிட வேண்டிய கட்டாயமும் அந்த உயரத்தில் பதிந்துள்ளன. கார் விற்பனையில் தோற்று, 1988இல் ஆலை மூடப்பட்டது.

உயர்த்துவதே விதியாக இருந்த இந்த வரலாற்றில், தாழ்த்துதல் வேறு வழியாக வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், இரண்டாம் உலகப் போருக்குப் பின், குறிப்பாக மெக்சிகோ வழிவந்த இளைஞர்களிடையே, பழைய கார்களின் சுருள்வில்லை வெட்டித் தரையோடு தரையாக மெதுவாக ஓட்டிச் செல்வது ஒரு பண்பாட்டு அடையாளமாக வளர்ந்தது. சக்கர வளையத்தின் அடிமட்டத்தைவிடக் காரின் எந்தப் பகுதியும் தாழக் கூடாது என்று அம்மாநிலம் ஐம்பதுகளின் இறுதியில் சட்டம் இயற்றியதும், நீரழுத்தக் கருவியால் காரை நினைத்தபோது உயர்த்தித் தாழ்த்தும் உத்தி அங்கே பிறந்தது. அங்கே தாழ்வு என்பது அழகும் தன்மானமும் சார்ந்தது. சென்னையில் தாழ்வுக்குக் காரணம் பந்தயம். நகரின் வடக்கே, உலகப்போர்க் காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் ஐம்பதுகளிலிருந்து கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. அகன்ற ஓடுதளத்தில் குழியும் இல்லை, வேகத்தடையும் இல்லை. அங்கே ஓடிய ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் தரையிடைவெளி ஒரு சுமையே. காரின் எடைமையம் தாழ்ந்தால் வளைவில் ஒருபக்கச் சக்கரங்களிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் சுமை குறையும், பிடிப்பு கூடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பந்தயம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையின் புதிய தடத்துக்கு இடம்பெயர்ந்தபோது, தாழ்த்தும் கலையும் இந்தத் தொழிற்பட்டைக்கே வந்து சேர்ந்தது.

வெட்டும் செயலின் உட்பொருளைக் கணக்கோடு பார்த்தால்தான் அதன் நன்மையும் தீமையும் தெளிவாகும். கணக்கு எளிதாக இருக்க, எட்டுச் சுற்றுகள் கொண்ட 300 மி.மீ. நீள வில் ஒன்று, 250 கிலோ சுமையில் 100 மி.மீ. அமுங்கி 200 மி.மீ. உயரத்தில் நிற்பதாகக் கொள்ளலாம். அதில் ஒரு சுற்றை வெட்டினால், சுமையற்ற நீளம் 37.5 மி.மீ. குறைந்து 262.5 ஆகும். எஞ்சிய ஏழு சுற்றுகளே அதே சுமையைத் தாங்குவதால் வில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 விழுக்காடு, விறைப்பாகி, 100க்குப் பதில் 87.5 மி.மீ. மட்டுமே அமுங்கும். நிற்கும் உயரம் 175 மி.மீ. எனவே வெட்டியது 37.5 மி.மீ., தாழ்ந்தது 25 மி.மீ. இத்துடன் முடியவில்லை. வில் கீழ்க்கையின் முனையில் நிற்பதில்லை, கீலுக்கும் சக்கரத்துக்கும் இடையே நிற்கிறது; வில் ஓரலகு அசைந்தால் சக்கரம் அதைவிடக் கூடுதலாக அசையும். வில்லின் அசைவு சக்கர அசைவில் ஐந்தில் மூன்று பங்கு எனில், அந்த 25 மி.மீ. காரின் மூக்கை 42 மி.மீ. வரை இறக்கிவிடும். ஒரு சுற்றுதானே என்று முழுதாக வெட்டியவர்கள் எதிர்பாராத தாழ்வைக் கண்டு திகைப்பது இதனால்தான். தேர்ந்த கைகள் கால் சுற்று, அரைச் சுற்று என்று இருபக்கமும் ஒரே அளவில் வெட்டி, காரைச் சிறிது தூரம் ஓட்டி வில் அமர்ந்த பிறகே அளந்து பார்க்கும். கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு 46 விழுக்காடு ஏறிவிடும் என்பதால், வேறு காரின் வில்லைத் தேடிப் பொருத்துவோரும் இதே கவனத்தோடு கம்பியை அளந்தாக வேண்டும்.

வில்லின் முனையும் கவனத்துக்குரியது. முனைச் சுற்று அடுத்த சுற்றோடு படிந்து, தட்டையாக அரைக்கப்பட்டிருக்கும் வில்லை வெட்டினால், தட்டையான அந்த அமர்விடம் போய்க் கூரிய சரிவு மிஞ்சும். ஹெரால்டு போன்று கிண்ணத்தில் அமரும் வில்லுக்கு இது ஒவ்வாது. சுமையற்ற நீளம் மிகக் குறைந்தால், சக்கரம் குழியில் முழுதாகத் தொங்கும் கணத்தில் வில் தன் கிண்ணத்தைவிட்டு விலகி, மீண்டும் அமரும்போது கோணலாக அமரக்கூடும். இவற்றைவிடப் பெருந்தவறு ஒன்று உண்டு. ரம்பம் எடுக்கச் சோம்பி, வில்லைக் கழற்றாமலே வெல்டிங் பட்டறையின் கேஸ் சுடரால் சில சுற்றுகளைச் சிவக்கக் காய்ச்சிக் காரின் எடையாலேயே அமுங்கவைக்கும் வழக்கம் உலகின் பல இடங்களிலும் இருந்திருக்கிறது. வில் எஃகின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது: 850 டிகிரிக்கும் மேல் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, பிறகு மிதமான சூட்டில் மீண்டும் காய்ச்சி முறியாத உறுதி கொடுத்துப் பெறுவது அந்தப் பதம். சுடர் பட்ட சுற்றில் அது அழிந்து, ஒரு பகுதி மெழுகுபோலத் தளர, அடுத்த பகுதி கண்ணாடிபோல முறிய, எப்போது ஒடியும் என்று யாராலும் சொல்ல இயலாத வில் மிஞ்சுகிறது. பட்டையை உலையில் காய்ச்சி வளைக்கும் கொல்லர், அதைத் தோய்த்துப் பதமேற்றிய பின்பே வண்டியில் ஏற்றினார். சுடர்முறை அந்தக் கைவினைக்கு இழைத்த அவமதிப்பு.

ஹெரால்டைப் பொறுத்தவரை முன்புறத்தை மட்டும் தாழ்த்துவது வேறொரு சமநிலையையும் குலைக்கும். மூக்கு இறங்கிப் பின்புறம் பழைய உயரத்திலேயே நின்றால், சுமையின் ஒரு பகுதி முன்னே சாயும். பின்சக்கரங்கள் எழும்பி மடங்கும் ஊசலச்சின் பழைய இயல்பு இன்னும் எளிதாக வெளிப்படும். முன்புறம் விறைத்துப் பின்புறம் மென்மையாகவே இருந்தால் ஓலியின் ஒழுங்கும் தலைகீழாகும். கைகளின் சரிவு மாறுவதால் சக்கரத்தின் சாய்வும் இரு சக்கரங்களின் இணைமையும் மாறி, டயர் ஒருபக்கமாகத் தேயும். ஆகவே முன்னும் பின்னும் ஒருங்கே கணக்கிட்டு, தேவையான நீளத்துக்கும் விறைப்புக்கும் புதிதாகச் சுற்றிய வில்லைப் பொருத்துவதே பழைய காரை மதிக்கும் வழி.

சேரப்பணஞ்சேரி வழியாகச் செல்லும் சாலை இன்று பல தடங்களாக அகன்றுவிட்டது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் தேசிய ஆய்வு மையமும் தன் சோதனைத் தடங்களோடு இயங்குகிறது. எனினும் தார்ச்சாலை சீரானதால் காரின் தாழ்வுக்குத் தடை நீங்கிவிடவில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டியிருந்தது. கிராமத்துக் குறுக்குச் சாலைகளில் அதைவிடக் குறுகியும் செங்குத்தாகவும் எழும் தடைகளே மிகுதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 2021இல் வந்த விதிகள், முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனி எண்வரிசையில் பதிவுசெய்ய இடமளித்து, அவை அடிச்சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் இன்றி மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. வண்டலூரின் ஹெரால்டுகள் எல்லாம் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. முன்வில்லை வெட்டுவது, பழைய கல்வெட்டில் ஒரு வரியைச் செதுக்கி எடுப்பதைப் போன்றது. அந்தக் கார் எந்தச் சாலைக்காக, எந்த உயரத்தில் வண்டலூர் வாயிலைக் கடந்தது என்பதைச் சொல்ல அதன்பின் வேறு ஆதாரம் கிடைப்பது அரிது. அதனால்தான், தாழ்த்தியே தீர வேண்டும் என்று விரும்புவோரிலும் அக்கறையுள்ளவர்கள் மூல வில்களில் ரம்பம் வைப்பதில்லை. புதிய இணையைப் பொருத்திவிட்டு, பழைய இரண்டையும் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, இடம், வலம் என்று குறித்துச் சாக்கில் சுற்றிப் பத்திரப்படுத்துகின்றனர்.